பெயரைப் பார்ப்பதா, வேரைப் பார்ப்பதா?



நம் இல்லங்களில் திருமணப் பேச்சு தொடங்கினால், "மாப்பிள்ளை எந்தக் கம்பெனியில் இருக்கிறார்?" என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. பெயர் பெற்ற ஒரு நிறுவனம் விடையாக வந்துவிட்டால் போதும். அதற்குமேல் எதையும் கேட்பதில்லை. என்ன வேலை, என்ன ஒப்பந்தம், எத்தனை ஆண்டு என்பனவெல்லாம் அந்தப் பெயரின் ஒளியில் மறைந்துவிடுகின்றன. சபர் செல்லும் பிள்ளையும் அப்பெயரைத்தான் பெரிதாக எண்ணுகின்றான்.

ஆனால் அந்த நிறுவனங்கள் எப்படிப் பெரியவை ஆயின? எவருடைய உழைப்பால் எழுந்தன? எங்கே சறுக்கின? இவற்றை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்திருக்கின்றோமா? மரத்தின் உயரத்தை அண்ணாந்து பார்ப்பவன் வியக்கின்றான்; அதன் வேரைத் தோண்டிப் பார்ப்பவனே பயிர் செய்யக் கற்றுக்கொள்கின்றான். எனவே இம்மாதம் எண்ணெய், வாகனம், இரசாயனம், காற்றாலை ஆகிய நான்கு துறைகளில் முன்னிற்கும் நான்கு நிறுவனங்களின் வேரைச் சற்றே தோண்டிப் பார்ப்போம்.

ஏழாவது கிணறு

தம்மாம், ஜுபைல், ராஸ் தனூரா, அப்கைக் என்னும் பெயர்கள் நம்முள் பலருக்கு வரைபடத்தில் கண்ட ஊர்களல்ல. வீட்டுக்கு வந்த கடிதங்களின் மேலுறையில் கண்ட ஊர்கள். அவ்வூர்களின் இன்றைய வாழ்வுக்கு வித்திட்ட நாள் 1933 மே 29. அன்று ஜித்தாவில் சவூதி அரசின் நிதியமைச்சர் அப்துல்லாஹ் அல் சுலைமானும், கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் சார்பில் வந்த லாய்டு ஹாமில்டனும் எண்ணெய் தேடும் உரிமைக்கான ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அரசின் கருவூலம் வறண்டிருந்த காலம் அது.

அதே ஆண்டு செப்டம்பரில் நிலவியல் அறிஞர்கள் ஜுபைலில் வந்திறங்கினர். அவர்களிடம் கருவிகள் இருந்தன. பாலைவனத்தின் பாதை தெரியாது. அதை அறிந்தவர் கமீஸ் பின் ரிம்தான் என்னும் பதூயீன் வழிகாட்டி. மணல்மேடுகளையும் விண்மீன்களையும் கொண்டே திசை கூறிய அம்மனிதரின் துணையில்லாமல், மாக்ஸ் ஸ்டைனெக் என்ற அந்த நிலவியல் அறிஞரின் கல்வி பாலையில் வழிதவறியிருக்கும். பிற்காலத்தில் ஓர் எண்ணெய் வயலுக்கே ரிம்தான் எனப் பெயர் சூட்டினர்.

தம்மாம் குன்றுப் பகுதியில் தோண்டிய முதல் கிணறுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. செலவு ஏறிக்கொண்டே போக, அமெரிக்காவிலிருந்த தலைமை அலுவலகம் தயங்கியது. இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள் என்று ஸ்டைனெக் வற்புறுத்தினார். 1938 மார்ச்சில், ஏறத்தாழ 1,440 மீட்டர் ஆழத்தில், ஏழாவது கிணறு எண்ணெயைப் பொழிந்தது. அந்த ஒரே கிணறு 1982 வரை பயன் தந்து, 3 கோடி 20 இலட்சம் பீப்பாய்களுக்கு மேல் வாரி வழங்கியது.

அராம்கோ என்னும் பெயர் 1944-இல் வந்தது. 1950-இன் இறுதியில் இலாபத்தைச் சரிபாதியாகப் பங்கிடும் உடன்பாடு ஏற்பட்டது. 1973-இல் சவூதி அரசு 25 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. மறு ஆண்டு அது 60 ஆயிற்று. 1980-இல் முழுமையும் அரசின் உடைமையாயிற்று. 2019 டிசம்பரில் தன் பங்குகளில் வெறும் 1.5 விழுக்காட்டை விற்றபோது 2,560 கோடி டாலர் திரண்டது என்றால், அதன் பருமனை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அப்கைக்கிலும் குரைஸிலும் நிகழ்ந்த தாக்குதல், நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியை ஒரே இரவில் நிறுத்தியது. எத்துணைப் பெரிய நிறுவனமும் ஒரு விடியற்காலையில் தடுமாறக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எனினும் இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தது கோடிகளின் கணக்கன்று. 1935-இல் ஆடு மேய்க்கும் பதூயீன் சமூகத்தில் பிறந்த அலீ அந்நுஐமி என்னும் சிறுவர், 1947-இல் இந்நிறுவனத்தில் அலுவலக ஏவலராகச் சேர்ந்தார். நிறுவனத்தின் பள்ளியில் எழுத்தறிந்தார். நிறுவனமே அவரைப் படிக்க அனுப்பியது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்திலும் ஸ்டான்ஃபோர்டிலும் நிலவியல் கற்றுத் திரும்பினார். 1984-இல் அதே நிறுவனத்தின் முதல் சவூதித் தலைவரானார். 1995 முதல் 2016 வரை அந்நாட்டின் எண்ணெய் அமைச்சராக விளங்கினார்.

இதைப் படித்துவிட்டு, நிறுவனம் எல்லாவற்றையும் தானாகவே அள்ளிக் கொடுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க ஊழியருக்கு ஒரு வகை வாழ்வும் உள்நாட்டு ஊழியருக்கு வேறொரு வகை வாழ்வுமாக இருந்த காலத்தில், 1953-இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊதியமும் உறைவிடமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கேட்டவர்களும் இருந்தார்கள், படித்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் நிலைமை மாறியது.

அறுந்த நூலும் நின்ற தறியும்

இனி ஜப்பானுக்குச் செல்வோம். டொயோட்டா என்றவுடன் நம் கண்முன் வருவது வாகனம். ஆனால் அதன் வேர் ஒரு தறியில் இருக்கின்றது. 1867-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த சாகிச்சி டொயோடா, தம் ஊர்ப் பெண்களும் தம் தாயாரும் தறியில் படும் பாட்டைக் கண்டு, அதனை எளிதாக்க முனைந்தார். 1890-இல் மரத்தாலான கைத்தறி ஒன்றைத் திருத்தியமைத்தார். நெசவாளர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

அவருடைய பெருங்கண்டுபிடிப்பு வேகத்தில் இல்லை, நிறுத்தத்தில் இருந்தது. நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிட வேண்டும். நிற்காத தறி, அறுந்த நூலோடு முழம் முழமாகப் பழுதான துணியை நெய்துகொண்டே போகும். அதைக் காவல்காக்க ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் நிற்க வேண்டும். தானே நிற்கும் தறியாயின் ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாம். 1924-இல் நிறைவு பெற்ற அவருடைய தானியங்கித் தறியின் உரிமையை, 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் ஓர் இலட்சம் பவுனுக்குப் பெற ஒப்பியது. மேலை நாட்டின் இயந்திரத்தைக் கண்டு கற்ற கீழை நாட்டார், மேலை நாட்டாருக்கே கற்றுக்கொடுத்த தருணம் அது.

அவருடைய மகன் கீச்சிரோ வாகனத் தொழிலில் இறங்கி, 1937-இல் டொயோட்டா மோட்டார் நிறுவனத்தைத் தனியே நிறுவினார். போர் முடிந்தபின் நிறுவனம் கடனில் மூழ்கியது. 1950-இல் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பலர் வேலையிழந்தனர். எவரையும் வெளியேற்ற மனமில்லாதிருந்த கீச்சிரோ, அப்பொறுப்பை ஏற்றுத் தாமும் பதவி விலகினார். அதே ஜூன் மாதத்தில் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு லாரிகள் தேவைப்பட்டன. அந்த வாய்ப்பால் நிறுவனம் பிழைத்தது. ஒரு நாட்டின் துயரம் மற்றொரு நாட்டின் தொழிலுக்கு உயிரானது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பின்னர் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர், அந்தப் பழைய தறியின் தத்துவத்தையே வாகனத் தொழிற்சாலைக்குக் கொண்டு வந்தார். பழுதைக் காணும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலை வரிசையை நிறுத்தலாம். நிறுத்தியவனை ஏசுவதில்லை, ஏன் பழுதாயிற்று, அது ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து முறை கேட்டு, மூல காரணத்தைத் தேடுகின்றனர். தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவே வரவேண்டும் என்பது இரண்டாவது விதி. வீண்விரயம் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதை, அவர்கள் ஓர் ஆலையின் ஒழுங்காக ஆக்கினார்கள்.

அந்த ஒழுங்கையும் மறந்த காலம் உண்டு. 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் வேகமுடுக்கி தொடர்பான குறைகளுக்காக இலட்சக்கணக்கான வாகனங்களை அந்நிறுவனம் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2010 பிப்ரவரி 24 அன்று, நிறுவியவரின் பேரரான அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து வருத்தம் தெரிவித்தார். நிறுவனம் வளர்ந்த வேகம் அளவு மீறிப் போயிருக்கலாம் என்றும் கூறினார். அதன்பின் மீண்டு எழுந்து, 2020 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலகில் மிகுதியான வாகனங்களை விற்ற குழுமமாக அது திகழ்ந்தது. ஆயினும் அக்குழுமத்தைச் சேர்ந்த டைஹட்சு நிறுவனத்தில் பாதுகாப்புச் சோதனைகளில் செய்யப்பட்ட முறைகேடுகள் 2023-இல் வெளிவந்தன. நேர்மையை ஒரு முறை சம்பாதித்து வைத்துவிட்டால் போதாது. அன்றாடம் சம்பாதிக்க வேண்டும்.

அவுரியை வீழ்த்திய ஆலை

மூன்றாவது, ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப். 1865-இல் நிறுவப்பட்டு, ரைன் நதிக்கரையில் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் வளர்ந்த சாயத் தொழிற்சாலை இது. நீலச் சாயம் அந்நாளில் நம் நாட்டின் அவுரிச் செடியிலிருந்துதான் பெரிதும் கிடைத்தது. வங்கத்திலும் பீகாரிலும் மட்டுமல்லாது, நம் திண்டிவனம் பக்கத்திலும் அவுரி விளைந்தது. அந்த நீலத்தை ஆலையிலேயே உண்டாக்க 17 ஆண்டுகள் பொறுமையாக ஆராய்ந்து, 1897-இல் செயற்கை நீலத்தை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே நம் நாட்டு அவுரி ஏற்றுமதி சரிந்தது. அவுரி பயிரிடுமாறு பலவந்தப்படுத்தப்பட்ட குடியானவர்களின் துயரமும் அத்தோடு தீர்ந்ததா என்றால், இல்லை. நட்டத்தைத் தோட்ட முதலாளிகள் அவர்கள் தலையிலேயே சுமத்தினர். 1917-இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றது அதன் பின்விளைவேயாகும்.

எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை பொங்கினால், எங்கோ ஒரு வயல் தரிசாகும். தொழிலறிவு இல்லாத சமுதாயம் இதை விதி என்று சொல்லிப் பெருமூச்சு விடும். உடையதோ முன்கூட்டியே தன் பிழைப்பை மாற்றிக்கொள்ளும்.

அதே நிறுவனம்தான் 1913-இல் ஓப்பாவ் என்னுமிடத்தில், காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும் உலகின் முதல் பெரிய ஆலையை இயக்கியது. ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வுக்கூடத்தில் கண்டதை, கார்ல் போஷ் ஆலையில் நடத்திக் காட்டினார். ஏற்ற ஒரு வினையூக்கியைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தனர். இன்று நம் வயல்களில் தூவும் யூரியாவின் தாய் இந்த அம்மோனியாவே. நாம் உண்ணும் சோற்றில் அந்த ஆலைக்கும் பங்குண்டு.

அந்த அறிவே போரின்போது வெடிமருந்துக்கும் பயன்பட்டது. 1921 செப்டம்பர் 21 அன்று, கெட்டிப்பட்டுப் போயிருந்த உரக்குவியலை வெடிவைத்து உடைக்கப் போய், ஓப்பாவ் ஆலையே வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலமுறை ஆபத்தின்றி நடந்த பழக்கம், ஒருநாள் ஊரையே அழித்தது. 1925-இல் இந்நிறுவனம் ஐ.ஜி. ஃபார்பன் என்னும் கூட்டமைப்பில் இணைந்தது. அக்கூட்டமைப்பு ஹிட்லரின் ஆட்சியோடு கைகோத்து, அவுஷ்விட்ஸ் அருகே கைதிகளை அடிமைகளாக வைத்து வேலை வாங்கியது. 1948-இல் நியூரம்பெர்க் நீதிமன்றம் அதன் நிர்வாகிகளில் 13 பேருக்குத் தண்டனை வழங்கியது. கூட்டமைப்பு கலைக்கப்பட்டு, 1952-இல் பிஏஎஸ்எஃப் மீண்டும் தனி நிறுவனமாயிற்று.

நண்பர்களே! பசியாற்றிய அதே கரங்கள் அந்தப் பாவத்திலும் தோய்ந்தன என்பதை எண்ணுங்கள். மேதைமை ஒரு மனிதனைக் கெட்டிக்காரனாக்கும். நல்லவனாக்குவதற்கு வேறொன்று வேண்டும்.

கொல்லுப்பட்டறையிலிருந்து காற்றாலை

நான்காவது, டென்மார்க்கின் வெஸ்டாஸ். 1898-இல் லெம் என்ற சிற்றூரில் ஹான்சன் என்னும் கொல்லர் பட்டறை வைத்தார். அவருடைய மகன் பீடர் ஹான்சன் 1945-இல் நண்பர்களோடு சேர்ந்து வெஸ்டாஸைத் தொடங்கினார். முதலில் செய்தவை வீட்டுச் சமையற் கருவிகள், பிறகு பாலைக் குளிரவைக்கும் சாதனங்கள், பிறகு சுமைதூக்கிகள். 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது, காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முனைந்து, 1979-இல் முதல் காற்றாலையை விற்றது.

கலிபோர்னியாவில் அரசு அளித்த வரிச்சலுகையால் விற்பனை பெருகியது. 1985-இன் இறுதியில் அச்சலுகை முடிந்தது. மறு ஆண்டே நிறுவனம் கடனடைக்க இயலாமல் நொடித்தது. ஏனைய பிரிவுகளை விற்றுவிட்டு, காற்றாலை ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு 1987-இல் மீண்டும் தொடங்கியது. இன்று உலகில் காற்றாலை செய்வோருள் முன்வரிசையில் நிற்கின்றது. 1986-இல் நம் தூத்துக்குடியில் எழுந்த முதல் காற்றாலைப் பண்ணையில் சுழன்றவையும் வெஸ்டாஸின் 55 கிலோவாட் ஆலைகளே. நாகர்கோவில் செல்லும் வழியில் முப்பந்தலில் சுழலும் இறக்கைகளைக் காட்டிப் பிள்ளைகளை மகிழ்விக்கும் பெற்றோர், ஒரு கொல்லரின் சம்மட்டியில் தொடங்கிய இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாமே!

நமக்கு என்ன பாடம்?

நான்கு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிறக்கும்போதே பெரிதாகப் பிறந்த நிறுவனம் ஒன்றுமில்லை. வறண்ட கிணறுகள், மரத்தறி, சாயக் குடுவை, கொல்லுப்பட்டறை, இவையே தொடக்கம். விழாத நிறுவனமும் ஒன்றுமில்லை. எழுந்தவற்றை எழுப்பியது, ஒரு வேலையின் நுணுக்கத்தை அடிமுதல் நுனிவரை அறிந்த மனிதர்கள். பெருமை பெயரில் இல்லை. அம்மனிதர்களின் கைத்திறனிலும் நாணயத்திலும் இருக்கின்றது.

ஆகவே சபருக்குப் பயணமாகும் மகனை உடைய பெற்றோரிடம் சில சொற்கள் கூற விரும்புகின்றேன். பெரிய நிறுவனங்களின் வேலைகளுள் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்கள் வழியாகவும், ஆள் அனுப்பும் சப்ளை கம்பெனிகள் வழியாகவும் நடக்கின்றது. வாயிற்கதவில் ஒரு பெயர் இருக்கும். உங்கள் பிள்ளையின் ஒப்பந்தத்தில் வேறொரு பெயர் இருக்கும். சம்பளம் நின்றுபோனாலோ, உடல்நலம் குன்றினாலோ, பதில் சொல்லவேண்டியவர் வாயிற்கதவில் உள்ளவர் அல்லர், ஒப்பந்தத்தில் உள்ளவரே. எனவே நகையை அடகு வைப்பதற்கு முன் அந்தத் தாளைக் கையில் வாங்குங்கள். புரியாத மொழியில் இருந்தால் அறிந்தவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், உணவு, விடுமுறைப் பயணச்சீட்டு ஆகிய ஆறும் அதில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அனுப்புகின்ற முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். பதிவின்றி ஆள் அனுப்புவதை 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமே குற்றமாக்கியது. ஒப்பந்தத்தின் ஒரு நகல் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். கேட்பதை அவமரியாதை என்று எண்ணாதீர்கள். எழுத்தில் தர மறுப்பவர் வாய்மொழியில் தருவது எதுவும் நிற்காது.

திருமணப் பேச்சில் அமரும் தாய்மார்களுக்கும் ஒன்று சொல்வேன். கம்பெனியின் பெயரைக் கேட்டபின், இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "அங்கே தம்பி என்ன கற்றுக்கொண்டார்?" பத்து ஆண்டுகள் பெரிய கம்பெனியில் இருந்தும் ஒரு தொழிலைக் கல்லாமல் திரும்பியவனைவிட, சிறிய பட்டறையில் வெல்டிங் வேலையைப் பழுதறக் கற்றவன் தன் குடும்பத்தை எந்த ஊரிலும் காப்பான். விசா முடியும், கம்பெனி கைமாறும், கையில் உள்ள தொழில் மனிதனோடு வரும்.

இளைஞர்களே! வெளிநாட்டில் இருக்கும் நாட்களில் வேலைநேரம் போக எஞ்சும் பொழுது உங்களுடையது. பொது ஊழியராகச் சேர்ந்தவர் மின்வேலை கற்கலாம். மின்வேலை அறிந்தவர் வரைபடம் படிக்கக் கற்கலாம். பாதுகாப்புப் பயிற்சியின் சான்றிதழைப் பெறலாம். ஓர் ஏவலர் நிலவியல் படித்ததை மேலே கண்டோம். எல்லாரும் தலைவராக முடியாது. ஆனால் சேர்ந்த நாளில் இருந்த நிலையிலேயே திரும்ப வேண்டும் என்று எவருக்கும் எழுதப்படவில்லை. வேலையில் பழுதைக் கண்டால் மறைக்காதீர்கள். அறுந்த நூலைக் கண்டு நிற்கும் தறியைப் போல் நின்று சொல்லுங்கள். உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட இயந்திரமும், உங்கள் அருகில் நிற்கும் தோழரின் உயிரும் உங்களிடம் தரப்பட்ட அமானிதம்.

அடுத்த முறை ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் உங்கள் வீட்டில் உச்சரிக்கப்படும்போது, வாய்பிளந்து நிற்காமல், அதன் வேர் எது, அதில் நம் பிள்ளையின் இடம் எது, அவன் அங்கிருந்து எதைக் கொண்டு வருவான் என்று கேளுங்கள். விடை தெரிந்த வீடு ஏமாறுவதில்லை.